விஜயகாந்த்: படப்பெட்டி தூக்கியவன் கணக்கு

வேலூரில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "விஜயகாந்த் இறந்தப்ப சென்னையே ஸ்தம்பிச்சுப் போச்சு. எங்க வயசு ஆளுங்களுக்கு அவரை மீம்லதான் தெரியும். ரஜினி, கமல் அளவுக்கு அவர் பெரிய நடிகரா? இல்ல, நல்ல மனுஷன், நல்ல மனுஷன்னு சொல்லியே பெருசாக்கிட்டாங்களா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலூர் டவுனில் முதல் நாள் முதல் ஆட்டத்தை வைத்து அளந்தால் ரஜினி, கமல் உயரத்துக்கு அவர் வந்ததில்லை. வந்தார் என்பவர்கள் பாசத்தில் சொல்கிறார்கள். ஆனால் ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு கொட்டாயில் பத்தாவது நாள் ரெண்டாவது ஆட்டத்தை வைத்து அளந்தால் கணக்கு வேறு மாதிரி வரும். நான் அந்த ரெண்டாவது ஆட்டத்தில் உட்கார்ந்து டிக்கெட் எண்ணியவன். நல்ல மனுஷன் கதைகள் யூடியூபில் வேண்டிய அளவு கிடக்கின்றன. என்னிடம் இருப்பது கல்லாப்பெட்டிக் கதை.

எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து பதினைந்து வருடம் பட விநியோக கம்பெனிகளுக்கு ரெப்பாகத் திரிந்தேன். ரெப் என்றால் என்னவென்று உங்கள் வயதுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் காலத்தில் படம் பெட்டியில் வரும். பெட்டியோடு ஓர் ஆளும் வருவான். படம் ஓடும் ஊரில் லாட்ஜிலோ ஆபரேட்டர் ரூமிலோ தங்கி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் எண்ணி, டி.சி.ஆர். என்கிற தினசரி வசூல் கணக்கை எழுதி, தியேட்டர்காரரிடம் கையெழுத்து வாங்கி, கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். தியேட்டரில் டிக்கெட் கிழிக்காமல் ஆளை உள்ளே விடுகிறார்களா என்று வாசலிலேயே கண் வைத்திருக்க வேண்டும். சம்பளம் குறைவு, பேட்டா உண்டு, மரியாதை படத்தைப் பொறுத்தது. படம் ஓடினால் டீ வரும். படுத்துவிட்டால் நாமேதான் போய்க் குடிக்க வேண்டும்.

எங்கள் ஏரியாவுக்கு என்.எஸ்.சி. என்று பெயர். நார்த் ஆற்காடு, சவுத் ஆற்காடு, செங்கல்பட்டு. சினிமா வியாபாரம் தமிழ்நாட்டை மெட்ராஸ் சிட்டி, என்.எஸ்.சி., கோவை, சேலம், மதுரை ராமநாதபுரம், திருச்சி தஞ்சாவூர், திருநெல்வேலி கன்னியாகுமரி என்று கூறு போட்டு வைத்திருந்தது. அரசாங்கம் 1989ல் வட ஆற்காட்டை இரண்டாக்கி வேலூர்ப் பக்கத்துக்கு அம்பேத்கர் பெயரையும் திருவண்ணாமலைப் பக்கத்துக்குச் சம்புவராயர் பெயரையும் வைத்தது. பிறகு அம்பேத்கர் மாவட்டம் வேலூர் மாவட்டம் ஆனது. 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. விநியோகக்காரன் மட்டும் இன்றைக்கும் நார்த் ஆற்காடு என்றுதான் சொல்வான். மாவட்டப் பெயரைக் கலெக்டர் ஆபீஸை விடப் பத்திரமாக வைத்திருப்பது சினிமாக்காரன்தான்.

அந்த நார்த் ஆற்காட்டில் வேலூர் ஏ சென்டர். ராஜா தியேட்டர், நேஷனல் என்று பஸ் ஸ்டாப்புக்கே தியேட்டர் பெயர் ஒட்டிக்கொண்ட ஊர் அது. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, ஆரணி எல்லாம் பி. அதற்கும் கீழே, கீற்றும் தகரமும் வேய்ந்த டூரிங் கொட்டாய்கள் சி. மண் தரை. முன்னால் இருப்பவன் தலை மறைத்தால் மண்ணைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்காருவார்கள். பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். புரொஜக்டர் ஒன்றே ஒன்று என்பதால் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. முறுக்குக்காரர்களுக்கு அதில் புகார் இல்லை.

விஜயகாந்த் அந்த மண் தரையின் நட்சத்திரம். பத்தாவது நாள் ஆட்டத்துக்கு எப்படி ஆள் வந்தது என்று புரிய அவர் எப்படி வந்தார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1952 ஆகஸ்ட் 25ல் மதுரையில் பிறந்தவர். பெயர் விஜயராஜ். அப்பா அழகர்சாமிக்கு அரிசி ஆலை. படிப்பு ஏறவில்லை, ஆலையைப் பார்த்துக்கொண்டார், சினிமாப் பைத்தியம் முற்றி மெட்ராஸ் வந்தார். 1979ல் எம்.ஏ. காஜா இயக்கிய 'இனிக்கும் இளமை'யில் வில்லன் வேஷம். அடுத்த வருடம் 'தூரத்து இடி முழக்கம்' திரைப்பட விழா வரைக்கும் போனது. விழாவுக்குப் போன படத்தை எங்கள் ஏரியாவில் தொட ஆள் கிடையாது, அது வேறு விஷயம்.

1981ல் எஸ்.ஏ. சந்திரசேகரின் 'சட்டம் ஒரு இருட்டறை' அவரைத் தூக்கி நிறுத்தியது. இதில் ஒரு வேடிக்கை. அவர் செய்த அதே வேஷத்தைத் தெலுங்கில் சிரஞ்சீவி செய்தார். இந்தியில் 'அந்தா கானூன்' என்று எடுத்தபோது ரஜினி செய்தார், ரஜினிக்கு அதுதான் முதல் இந்திப் படம். அதாவது விஜயகாந்த் ஓட வைத்த கதையைப் பிடித்துக்கொண்டு ரஜினி பம்பாய்க்கு ரயில் ஏறினார். விஜயகாந்த் எங்கும் போகவில்லை. நூற்றைம்பதுக்கும் மேல் படம் செய்து, ஒன்றுகூட வேற்று மொழியில் நேரடியாகச் செய்யாதவர். அதே வருடம் ஏவி.எம். தயாரிப்பில் ராம நாராயணன் எடுத்த 'சிவப்பு மல்லி'. ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று தோல் ஷாப்பில் வேலை செய்பவர்கள் நிறைந்த பகுதி எங்களுடையது. சங்கம், கொடி, கூலிச் சண்டை எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த சமாச்சாரம். கறுத்த முகமும் சிவந்த கண்ணுமாக ஒருவன் முதலாளியைப் பார்த்துக் கத்தினால் அவர்களுக்கு அது நடிப்பாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கத்துவதாகத் தெரிந்தது.

அந்தக் கறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரஜினியும் கறுப்புதான். ஆனால் ரஜினியிடம் ஸ்டைல் இருந்தது, அந்தக் கறுப்பை யாரும் கவனிக்கவிடாமல் அது பார்த்துக்கொண்டது. விஜயகாந்திடம் அப்படி மறைக்க ஒன்றும் இல்லை. சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு வந்து நிற்பார், அவ்வளவுதான். ஜோடியாக நடிக்க நடிகைகள் தயங்குகிறார்கள் என்று அப்போது பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. பிற்பாடு 'கறுப்பு எம்.ஜி.ஆர்.' என்று போஸ்டர் ஒட்டினார்கள். பட்டத்தில் 'கறுப்பு'தான் முதலில் வருகிறது, பாருங்கள்.

நடுவில் ரெண்டு வருடம் சறுக்கல். பிறகு 1984. அந்த ஒரே வருடத்தில் 18 படம். கணக்குப் போட்டால் இருபது நாளைக்கு ஒன்று. எங்களுக்கு அது பெரிய தலைவலி. ஒரே ஊரில் இந்தக் கொட்டாயிலும் அவர், அந்தத் தியேட்டரிலும் அவர். ரெண்டு கம்பெனி ரெப்பும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து, "உன் விஜயகாந்தால என் விஜயகாந்த் படுத்துட்டான்யா" என்று திட்டிக்கொண்டிருப்போம். பாதிப் படங்களின் பெயர் இப்போது எனக்கே மறந்துவிட்டது. மறக்காதவை ரெண்டு. மணிவண்ணனின் 'நூறாவது நாள்', ஆர். சுந்தர்ராஜனின் 'வைதேகி காத்திருந்தாள்'.

'வைதேகி' வந்தபோது நான் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கொட்டாயில் இருந்தேன். தீப்பெட்டி, பீடி, கைலித் தறி என்று வீட்டுக்கு வீடு கைவேலை நடக்கும் பகுதி. பொதுவாக விஜயகாந்த் படம் என்றால் சண்டைப் படம், ஆண்கள் பக்கம்தான் நிறையும். அன்றைக்கு ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து டிக்கெட் கட்டையை எண்ண உட்கார்ந்தேன். பெண்கள் பக்கத்து அடிக்கட்டை ஆண்கள் பக்கத்தைத் தாண்டி நின்றது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். அதேதான். வெளியே வந்து பார்த்தால் சுவருக்கு இந்தப் பக்கம் பீடி முறத்தை மடியில் வைத்துக்கொண்டே படம் பார்க்கிறார்கள். கை தன்பாட்டுக்கு இலையைச் சுருட்டுகிறது, கண் திரையில். இளையராஜா பாட்டு வந்தபோது மட்டும் அந்தக் கைகள் நின்றன. டிக்கெட் கொடுக்கும் அம்மாவிடம் கேட்டேன். "சண்ட போட்றவன் அழுவுறாம்பா இதுல. அதான் வந்துகினு கீறாங்கோ," என்றார்.

நடிப்பு விமர்சனம் என்று நான் படித்ததிலேயே, அதாவது கேட்டதிலேயே, இதைவிடச் சரியாக ஒன்றைக் கேட்டதில்லை. சண்டை போடுபவன் அழுதான். 'அம்மன் கோவில் கிழக்காலே', 'சின்னக் கவுண்டர்', 'வானத்தைப் போல' எல்லாம் ஓடியது இதனால்தான். 'வானத்தைப் போல' தேசிய விருதும் வாங்கியது. நுணுக்கமான நடிகர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். முகத்தில் பத்துப் பாவம் காட்டத் தெரியாது. ஆனால் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியும். 'சத்ரிய'னில் போலீஸ் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு ஒதுங்கி இருக்கும் அந்த முதல் பாதியைப் பாருங்கள். கத்தாமலே பயம் காட்டுவார். கே. சுபாஷ் இயக்கம், மணிரத்னம் தயாரிப்பு. அவர் படங்களில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் பாருங்கள்.

சண்டையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கொட்டாய்க்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். சுவரில் ஒரு காலை ஊன்றி எழும்பித் திரும்பி மறு காலால் உதைப்பார். டூப் வைக்காமல் அவரே செய்கிறார் என்பது பார்த்தாலே தெரியும். படம் விட்டு வெளியே வரும் பையன்கள் அதை அங்கேயே முயற்சி செய்வார்கள், கொட்டாயின் முன்பக்கச் சுவரில். ஒருமுறை சுண்ணாம்புச் சுவர் முழுக்க இடுப்பளவு உயரத்தில் செம்மண் கால் தடங்கள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, "இந்தாள் படம் வந்தா கலெக்‌ஷன்ல பாதி வெள்ளையடிக்கவே போவுது," என்றார். மறுநாள் ஆள் வைத்து அடித்தார். அன்றிரவே மறுபடி தடம்.

1986ல் 'ஊமை விழிகள்'. அதுவரைக்கும் பிலிம் இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்கள் என்றால் கோடம்பாக்கத்தில் கிண்டல்தான். "கிளாஸ்ல படிச்சவனுக்குப் படம் எடுக்கத் தெரியுமா?" என்பார்கள். ஆபாவாணன், அரவிந்தராஜ் என்று மொத்தக் கூட்டமே மாணவர்கள். அவர்களை நம்பி, தன் வயதை மீறிய ஒரு போலீஸ் அதிகாரி வேஷத்தில், டூயட் இல்லாமல் நடித்தார். அது சினிமாஸ்கோப் படம். எங்கள் கொட்டாய்கள் பலவற்றில் ஸ்கோப் லென்ஸே கிடையாது. லென்ஸை வாடகைக்கு எடுத்து, திரைக்குப் பக்கவாட்டில் வெள்ளை வேட்டியைத் தைத்து அகலமாக்கி ஓட்டினார்கள். வில்லனின் குதிரை வண்டி வேட்டியின் தையலைத் தாண்டும்போது கொஞ்சம் குலுங்கும். யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு பி.ஆர். தேவராஜின் 'செந்தூரப் பூவே', ஆர்.கே. செல்வமணியின் 'புலன் விசாரணை' என்று புதுப் பையன்களாகவே பிடித்தார். இதைப் பெருந்தன்மை என்று மட்டும் எல்லாரும் எழுதுகிறார்கள். பெருந்தன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு வியாபாரமும் இருக்கிறது, அதைச் செய்தவர் இப்ராகிம் ராவுத்தர். மதுரையிலிருந்தே கூட வந்த நண்பர். கதை கேட்பது, இயக்குநரை முடிவு செய்வது, தயாரிப்பது எல்லாம் அவர் கையில். பெரிய இயக்குநரும் பெரிய கம்பெனியும் ரஜினி, கமலுக்குப் போய்விடும்போது, மீதி இருப்பவர்களில் பசி அதிகம் உள்ளவனை எடுத்தார்கள். புது ஆள் சம்பளம் குறைவாக வாங்குவான், வெறியோடு வேலை செய்வான். சரத்குமார் பெயர் வாங்கியது 'புலன் விசாரணை' வில்லனாகத்தான். மன்சூர் அலிகானுக்கு செல்வமணியின் அடுத்த படம். தி.நகர் ராஜாபாதர் தெருவில் இருந்த அவர்கள் ஆபீஸில் யார் போனாலும் சோறு உண்டு என்பது எங்கள் ரெப் வட்டாரத்தில் பிரசித்தம். மெட்ராஸ் போகும் வேலை இருந்தால் மதிய நேரமாகப் பார்த்து அந்தப் பக்கம் போகிறவர்கள் இருந்தார்கள். யார் என்று கேட்காதீர்கள். ஷூட்டிங்கிலும் லைட்பாய்க்கும் ஹீரோவுக்கும் ஒரே சாப்பாடு என்று பின்னாளில் ஊர் முழுக்கப் பேசியதற்கு வேர் அந்தத் தெருவில் இருக்கிறது.

1991 சித்திரை முதல் நாள் 'கேப்டன் பிரபாகரன்'. அவருக்கு நூறாவது படம். நூறாவது படம் என்றால் வியாபாரிகள் கொஞ்சம் பயப்படுவார்கள். கமலின் நூறாவது படம் 'ராஜபார்வை', ரஜினியுடையது 'ஸ்ரீராகவேந்திரர்'. ரெண்டும் ஆசைப்பட்டு எடுத்த படங்கள், ரெண்டும் வசூலில் கையைக் கடித்தன. இவர் ஆசைப்பட்டு எடுத்ததே சந்தனக் கடத்தல்காரனைப் பிடிக்கும் சண்டைப் படம். ஆசையும் வியாபாரமும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. கேப்டன் என்ற பெயரும் அங்கிருந்துதான் ஒட்டியது.

அந்தப் படம் எங்கள் சி சென்டருக்கு வந்த வாரத்தில் ஓர் இரவு. பிரிண்ட் ஒன்று, இடம் ரெண்டு. இதற்கு ஷிப்டிங் என்று பெயர். பெரிய ஊர்த் தியேட்டரில் ஒரு ரீல் ஓடி முடிந்ததும், அதை ஒரு பையன் டி.வி.எஸ். 50ல் வைத்துக்கொண்டு ஏழெட்டு மைல் தள்ளி இருக்கும் கொட்டாய்க்கு ஓட்ட வேண்டும். கொட்டாயில் முக்கால் மணி நேரம் தள்ளி ஆட்டம் தொடங்கும். நான் கொட்டாயில் இருந்தேன். நாலாவது ரீல் முடிந்து திரை வெள்ளையாகிவிட்டது, ஐந்தாவது ரீலைக் காணோம். இடைவேளை விட்டோம். சிலைடு போட்டோம். ஜவுளிக்கடை சிலைடு, கண்ணாடிக் கடை சிலைடு, மறுபடி ஜவுளிக்கடை. விசில் அடங்கி, மண்ணை வாரித் திரைமேல் வீச ஆரம்பித்தார்கள். முதலாளி என்னைப் பார்க்கிறார், நான் ரோட்டைப் பார்க்கிறேன்.

கடைசியில் ரோட்டில் ஒரு பையன் ஓடி வருவது தெரிந்தது, தலையில் ரீல் டப்பா. பாலாற்றுப் பாலம் தாண்டி வண்டி பஞ்சர், அங்கிருந்து ஓட்டம். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. கோபமாக வாசலுக்கு வந்த கூட்டம் அவனை அடிக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். அவனை டப்பாவோடு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள், "கேப்டன்! கேப்டன்!" என்று கத்திக்கொண்டு. அந்தப் பையனுக்கு அன்றிலிருந்து ஊரில் பெயரே கேப்டன்தான். இப்போது பேரன் எடுத்துவிட்டான்.

தொண்ணூறுகளின் நடுவில் சலிப்பு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காக்கிச் சட்டை, தீவிரவாதி, தேசியக் கொடி, கோர்ட்டில் நீண்ட வசனம், புள்ளிவிவரம். உங்கள் மீம்கள் பெரும்பாலும் இந்தக் காலத்துப் படங்களிலிருந்து வெட்டியவை. நியாயமான கிண்டல்தான், நாங்களும் டீக்கடையில் செய்தோம். பல படங்கள் ரெண்டாவது வாரம் பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு தியேட்டரில் டி.சி.ஆரில் ஓர் ஆட்டத்தையே மறைத்து எனக்குக் குறைவாக எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி அதை என் சம்பளத்தில் பிடித்தது. சண்டை போட்டுவிட்டு, 1998ல் ரெப் வேலைக்கே முழுக்குப் போட்டேன். அதற்குள் கேபிள் டி.வி. வந்து கொட்டாய்களும் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமாகவும் நெல் குடோனாகவும் மாறிக்கொண்டிருந்தன. தன் கோட்டையே இடிந்துகொண்டிருக்கும்போதுதான் அவர் 'ரமணா'வை, 2002ல், ஏ.ஆர். முருகதாஸ் என்ற இளைஞரிடம் கொடுத்தார். வேலூரில் நான் முதல்முறையாகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்த்த விஜயகாந்த் படம் அது. குரலைத் தாழ்த்திக்கொண்டு மறுபடி அந்த 'சத்ரியன்' ஆள் வந்து நின்றார். தெலுங்கில் சிரஞ்சீவியும், பல வருடம் கழித்து இந்தியில் அக்‌ஷய் குமாரும் அதைத் திருப்பிச் செய்தார்கள். மறுபடியும் இவர் கதை வண்டி ஏறிப் போனது, இவர் இங்கேயே இருந்தார்.

நடிகர் சங்கத் தலைவராக இருந்த காலத்தை எல்லாரும் எழுதிவிட்டார்கள். சங்கத்தின் கடனை அடைக்க நட்சத்திரங்களை மலேசியா, சிங்கப்பூர் கூட்டிக்கொண்டு போய்க் கலைவிழா நடத்தினார். காவிரிக்காக 2002 அக்டோபரில் திரையுலகை நெய்வேலிக்குத் திரட்டினார். சிவாஜி இறுதி ஊர்வலத்தில் தெருவில் இறங்கிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார். எனக்கு இவற்றில் தெரிவது ஒரு நல்ல புரொடக்‌ஷன் மேனேஜர். யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்குச் சாப்பாடு வரவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்.

அரசியலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் எங்கள் ஏரியா கதைதான். 2005 செப்டம்பர் 14ல் மதுரையில் தே.மு.தி.க.வைத் தொடங்கினார். சொந்த ஊர், சொந்த ஜனம். 2006ல் தனியாக நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். ஜெயித்தது அவர் ஒருவர் மட்டும். எங்கே? விருத்தாசலத்தில், பா.ம.க. கோட்டை என்று சொல்லப்பட்ட ஊரில், அவர்கள் வேட்பாளரையே தோற்கடித்து. 2011ல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் பதவி. அவர் ஜெயித்தது ரிஷிவந்தியத்தில். ரெண்டுமே பழைய சவுத் ஆற்காடு. எங்கள் நார்த் ஆற்காட்டிலும் அந்தக் கட்சி ஆரணியையும் சோளிங்கரையும் பிடித்தது. திருத்தணி, கும்மிடிப்பூண்டி, செங்கல்பட்டு என்று என்.எஸ்.சி. வரைபடத்தில் பொட்டு வைத்துக்கொண்டே போகலாம். மதுரைக்காரரை எம்.எல்.ஏ. ஆக்கியது எங்கள் கொட்டாய் ஜனம். 2010ல் அவரே இயக்கி நடித்த படத்துக்கு 'விருதகிரி' என்று விருத்தாசலத்தின் பழைய பெயரைத்தான் வைத்தார், மதுரையின் பெயரை வைக்கவில்லை. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. கூட்டணி, சாதிக் கணக்கு, ரெண்டு பெரிய கட்சிகள்மேல் இருந்த கசப்பு. ஆனால் பத்தாவது நாள் ரெண்டாவது ஆட்டத்துக்கு ஆள் வந்த ஊர்களின் பட்டியல் என் பழைய டைரியில் இருக்கிறது. தேர்தல் முடிவு வந்தபோது எடுத்துப் பார்த்தேன். பெரிதாக வித்தியாசம் இல்லை.

அந்தப் பலத்தை அவர் காப்பாற்றவில்லை. அ.தி.மு.க.வோடு சட்டமன்றத்திலேயே முட்டிக்கொண்டார். எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள், 2016 தேர்தலுக்கு முன்பே எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் போனது. அந்தத் தேர்தலில் முதல்வர் வேட்பாளராக உளுந்தூர்பேட்டையில் நின்று டெபாசிட் இழந்தார். அதுவும் சவுத் ஆற்காடுதான். மேடையில் வார்த்தை தடுமாறியதையும் கோபப்பட்டதையும் டி.வி.க்காரர்கள் திரும்பத் திரும்பப் போட்டார்கள், போன் வைத்திருந்தவர்கள் எல்லாம் மீம் போட்டார்கள். உடம்பு முடியாமல் போய்க்கொண்டிருந்த மனிதர் அவர் என்பது பலருக்கும் பிறகுதான் உறைத்தது. 2023 டிசம்பர் 28ல் போய்ச் சேர்ந்தார். பத்ம பூஷண் அடுத்த மாதம் அறிவித்தார்கள்.

நீங்கள் சொன்ன அந்தக் கூட்டத்தை நானும் டி.வி.யில்தான் பார்த்தேன். சென்னைக் கூட்டம் என்று சொன்னார்கள். வேன்களின் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் தெரியும், டி.என். 23, டி.என். 25, டி.என். 31, டி.என். 32. வேலூர், திருவண்ணாமலை, கடலூர், விழுப்புரம். லுங்கியை மடித்துக் கட்டிய, ஐம்பது வயது தாண்டிய ஆட்கள். மண் மேட்டில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள்.

2025 ஆகஸ்டில் 'கேப்டன் பிரபாகர'னை 4கேயில் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். எங்கள் பழைய கொட்டாய் ஆபரேட்டர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது தாண்டியவர், ஒரு காதில் மிஷின். ஏ.சி. குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கால பிரிண்டில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் பொட்டு வந்து போகும், ஆபரேட்டருக்கு அடையாளம். பெட்டியும் ரீலும் இல்லாத இந்தப் படத்தில் அதைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு ரீலும் முடியும் இடம் அவருக்கு மனப்பாடம். சரியாக அந்த இடத்தில் மடியில் இருந்த அவர் வலது கை ஒருமுறை திரும்பியது, கைப்பிடியைச் சுற்றுவது போல. நாலாவது ரீல் முடியும் இடம் வந்தபோது என் பக்கம் சாய்ந்து, "பையன் வந்துட்டானா?" என்றார்.